பன்னிரண்டில் இரண்டு

வழக்கறிஞர் அனுப்பிய பட்டியலில்
கடைசிக்கு முதல் வரி:
பரோலோ, இரண்டாயிரத்து நான்கு, பத்துப் போத்தல்,
ஆளுக்கு ஐந்து.
பனிவாரும் இயந்திரத்துக்கு நடந்த சண்டை
இதற்கு நடக்கவில்லை.

வாங்கும்போது பன்னிரண்டு.
ஹமில்டனில் வீடு வாங்கிய கிழமை,
முன்படிகளுக்குக் கீழே ஒரு குளிரறை கண்டோம்.
முந்தி இருந்த இத்தாலியக் குடும்பம்
தக்காளிச் சாடிகளின் வட்டங்களைப்
பலகையில் விட்டுப் போயிருந்தது.
வெறுமையாய்க் கிடக்கிறதே என்றுதான் வாங்கினோம்,
குடிக்கத் தெரிந்தல்ல.

பத்து வருஷம் பொறுக்கச் சொன்னார் கடைக்காரர்.
குகதாசனுக்குப் பொறுமை இல்லை,
எனக்கு அவனிலும் இல்லை.
வாழைக்கச்சலைக் கடித்தமாதிரித் துவர்ப்பு,
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
'காசைக் கொட்டிக் கறை குடிக்கிறம்' என்றான்.
சிரிக்கவும் உதடு வழுக்கவில்லை.

இரண்டாவதை எப்போது உடைத்தோம் என்பதில்
இருவருக்கும் இரண்டு நினைவு.
அவன் சொல்வது மருமகளின் பிறந்தநாள்.
நான் சொல்வது அவனுக்கு வேலை போன இரவு.
மணமே இல்லை, சாத்திய கதவு
என்பதில் மட்டும் ஒத்துப்போகிறோம்.

பிறகு என் ஐந்தும் என்னோடு வந்தன,
மலை என்று இந்த ஊர் சொல்லிக்கொள்ளும் மேட்டுக்கு,
ஒன்பதாம் மாடிக்கு,
சப்பாத்து அலுமாரிக்கு.
பின்சுவரில் வெந்நீர்க் குழாய் ஓடுவது
முதல் மாரியில்தான் தெரிந்தது.

போன கார்த்திகையில் அழைத்தான்.
'உன்னட்டை எத்தனை மிச்சம்?'
'ஒண்டு.'
'என்னட்டை அஞ்சும் இருக்கு.'
நான்கையும் யாரோடு குடித்தாய் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
இரண்டு தனியே.

ஒன்றைக் கம்பளித் தொப்பியில் சுற்றி
பேருந்தில் கொண்டுவந்தான்.
மூடுபனியின் பெயர் வைத்த பழமாம் இது.
யன்னலுக்கு வெளியே வாவியிலிருந்து அது ஏறி
உருக்காலைச் சுவாலையை மட்டும் விட்டுவிட்டு
ஊரை மூடியிருந்தது.

நான்கு கிண்ணங்கள்.
அவனுடையது இன்னும் மாதுளைச் சிவப்பு,
தார் போட்ட தெருவின் மணம், அதற்குமேல் ஒன்றும் சொல்லாது.
என்னுடையதின் விளிம்பு செங்கல்லாகியிருந்தது.
காய்ந்த ரோசா, அத்திப்பழம்,
தேயிலைப் பெட்டியின் அடித்தூள்,
மழை விட்ட பின் காளான் முளைக்கும் மண்.
ஆய்வுகூடத்தில் இருபத்தொரு வருஷம்
எதையும் மணந்து பார்க்காதே என்று பழக்கிய மூக்கு
கிண்ணத்துக்குள் விழுந்து கிடந்தது.
துவர்ப்பு எங்கே என்று தேடினேன்.
பட்டுத்துணியின் மறுபக்கம்போல
எங்கோ இருந்தது.

'ஒரே பெட்டி, ஒரே நாள் வாங்கினது' என்றான்,
யாரோ ஏமாற்றியதுபோல.
சூடு, என்றேன். உன்னுடையது குளிரில் தூங்கியிருக்கிறது.
என்னுடையது அவசரமாய் வயதுபோயிருக்கிறது.
வைனைத்தான் சொன்னேன்.

கள் தெளிந்தால் தேறல் என்பது பழைய தமிழ்.
என் வேலையிடத்தில் அதே சொல்லை
ஐந்தாம் மாடி நோயாளிகளுக்கு வைத்திருக்கிறோம்,
தேறுவார், தேறமாட்டார்.
'அப்ப இதிலை எது தேறினது?'
என்று கேட்டான்.
குழம்பு ஆறுகிறது, சாப்பிடு, என்றேன்.

ஒன்பது மணிக்கு என்னுடையது எங்கோ உயரத்தில்.
பத்தேகாலுக்கு அவனுடையது வாய் திறந்து
ரோசாவைச் சொல்லத் தொடங்கியபோது
என்னுடையதில் புளிப்பின் ஓரம் தட்டியது.
நடுவில் ஒரு இருபது நிமிஷம்
இரண்டும் ஒரே வைனாக இருந்தன.
நாங்கள் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.
அவன் ஒரு கிண்ணத்தைத் தூக்கினான், பிறகு மற்றதை,
பிறகு முதலாவதையே.

கடைசிப் பேருந்துக்குக் குனிந்து சப்பாத்து மாட்டும்போது
'இன்னும் நாலு இருக்கு' என்றான் நிலத்துக்கு.
அங்கேயே கிடக்கட்டும், குளிராய்.
இதைச் சொன்னேனா, நினைத்தேனா.

கழுவாமல் படுத்துவிட்டேன்.
காலையில் நான்கு கிண்ணத்தின் அடியிலும்
ஒரே நிற வண்டல்.
வேலைக்குப் போகும் உடுப்போடு நின்று
ஒவ்வொன்றாய் மணந்து பார்த்தேன்,
எது யாருடையது என்று.