நானூற்றுப் பதினேழும் பதினெட்டும்

என் பெட்டியில் இரண்டு வகைத் தூள்.
ஒன்றில் உயிர் இருக்கிறது,
மற்றொன்று வெறும் மாவு.
எது எதுவென்று எனக்குச் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பதுதான் முறை என்றார் டாக்டர் முடேஷி.
ஒரே வெள்ளை, ஒரே பொட்டலம்,
ஒட்டிய எண் மட்டும் வேறு.

ம்பிட்டா படகுத்துறையில் இறங்கி
ஓமெனா மீன் காயும் வலைகளை மிதிக்காமல்
தோளில் பனிக்கட்டிப் பெட்டியோடு நடப்பேன்.
நாய்களுக்கு என்னைத் தெரியும்.
கடைக்காரன் ஒகிலா மட்டும் தினமும் கேட்பான்:
"இன்றைக்கு என்ன ஐஸ்கிரீம்?"
"கிருமி" என்பேன். சிரிப்பான்.
நான் பொய் சொல்லவில்லை.

கொதிக்கவை, குளோரின் போடு, சோப்புத் தேய் என்று
பதினோரு வருடம்
வீடுவீடாய்ச் சொல்லித் திரிந்த வாய் இது.
இப்போது அதே வாயால்
பிறந்து மூன்றே நாளான பிள்ளைக்குக்
கிருமி கொடுங்கள் என்கிறேன்.

எப்படி விளக்க?
இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குமாம்.
பிடுங்கட்டும் என்றுதான் கொடுக்கிறோம்.
புதுக் குடல் ஆளில்லாக் குடில்.
முதலில் பாய் விரிப்பவர் யாரோ
அவர் வீடு அது.
ஏரித் தண்ணீரில் வரும் முரடர்கள்
கதவைத் தட்டும்போது
உள்ளே விளக்கு எரிய வேண்டும்,
"இங்கே இடமில்லை, போ" என்று
யாராவது எழுந்து வந்து சொல்ல வேண்டும்.

அவர்களுக்குச் சோறு?
மிலிசென்ட் அபோந்திதான் கேட்டாள்,
இரு மார்பிலும் இரு பெண்களோடு.
உன் பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது,
உன் பிள்ளைக்கு அது செரிக்காது என்றேன்.
"பிறகு ஏன் சுரக்கிறது?"
பிள்ளைக்கு அல்ல,
பிள்ளைக்குள் குடியிருப்பவர்களுக்கு.
வெகுநேரம் தன் மார்பையே பார்த்தாள்.
"இன்னும் வராத விருந்துக்கு
என் உடம்பு எப்போதோ உலை வைத்துவிட்டதா?"
என் பயிற்சி ஏட்டில் இந்த வரி இல்லை.

அபியோவுக்கு நானூற்றுப் பதினேழு.
பதினொரு நிமிடம் பிந்திப் பிறந்த
அதோங்கோவுக்குப் பதினெட்டு.
கணினி போட்ட குலுக்கல்.
எந்த எண்ணில் உயிர் என்பது
நைரோபியில் ஓர் உறைக்குள்.
பாலுக்கு இடுவதும் உறை, தாளுக்கு இடுவதும் உறை;
தாளின் உறை பிரிய ஒன்றரை வருடம்.

ஏழு நாள், ஏழு பொட்டலம்,
பீய்ச்சிய பாலில் கரைத்துத் தேக்கரண்டியில்.
ஐந்தாம் நாள் நான் போனபோது
ஒரே கிண்ணத்தில் இரண்டும் கரைந்திருந்தன.
"முதல் நாளிலிருந்தே" என்றாள் அபோந்தி, ஒளிக்காமல்.
"ஒருத்திக்கு உயிரும் ஒருத்திக்கு மாவும்
கிடைக்கலாம் என்றாயே.
வலது மார்பு இவளுக்கு, இடது அவளுக்கு என்று
நான் எழுதியா வைத்திருக்கிறேன்?"

டாக்டர் முடேஷி தலையில் கைவைத்துக்கொண்டார்.
கெட்டவர் அல்ல.
இரண்டாயிரம் பிள்ளைகளைச் சரியாக எண்ணினால்தான்
எண்ணாத பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்ல முடியும்,
அது எனக்கும் தெரியும்.
இரண்டு எண்களுக்கும் எதிரே
விதிமீறல் என்று சிவப்பில் எழுதினார்.
கணக்கு அவர்களை ஓரமாக உட்காரவைத்தது.

மழை பிடித்த மாதம்
கரையோரக் குடிசைகளில் வயிற்றோட்டம் வந்தது.
உப்பு சர்க்கரைப் பொட்டலங்களோடு ஓடினேன்.
ஒகிலாவின் கடை பூட்டியிருந்தது.
அவன் மகனை ஏற்றிய படகு
அப்போதுதான் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியிருந்தது.

அபோந்தி வீட்டுக்கு இருட்டும்போதுதான் போக முடிந்தது.
இரண்டும் தூங்கின.
தூளா, பாலா, அதிர்ஷ்டமா,
எனக்குத் தெரியாது.
துவைக்கப் போட்டிருந்த துணியொன்றை எடுத்து நீட்டினாள்.
கடுகு மஞ்சள்.
தயிர் தோய்ந்ததா என்று சட்டியை முகர்வதுபோல்
முகர்ந்து பார்த்தேன்.
லேசான புளிப்பு.

"எந்தப் பிள்ளையுடையது?"
பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தேன்.
அபோந்தி துணியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
சிரிக்கத் தொடங்கினாள்.