ஹாலோபெக், இரண்டாம் நடைமேடை

ஆரியங்காவு மழைக்குக் கடையைப் பாதி இறக்கிவிட்டு
இங்கிலாந்தில் ஒரு ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு, மார்ச் மாதக் காலை.
நான் பார்த்ததில்லை.
பார்த்தவர்கள் அநேகமாக யாரும் மிச்சமில்லை.

கைகாட்டி விழும்போது ஒருமுறை துள்ள வேண்டும்,
கம்பியின் இழுப்பு அது. அதற்கே நாலு ராத்திரி.
கரிப்புகை கறுப்பு, நீராவி வெளுப்பு,
இரண்டும் கலக்கிற இடத்தில்
என் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும்.

ஓட்டிப் பார்க்கிற டெரிக் லீட்ஸிலிருந்து எழுதுகிறார்:
விளக்குக் கம்பம் இரண்டங்குலம் கூடுதல்.
கடிகாரத்தில் ரோமன் நான்குக்கு நாலு கோடு.
போர்ட்டர் தலையில் வேறு கம்பெனித் தொப்பி.
திருத்தினேன், தொப்பியை மூன்று தடவை.

பாசியைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் நடைமேடையின் கருங்கல் சுவர்
இங்கே குகை வாயருகே
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
மொபைலில் நான் எடுத்தது.
அட்டை கடித்த தழும்பு இன்னும் கணுக்காலில்.
சுவரின் மூலையில், பாசியைச் சுரண்டி,
ஆங்கில எழுத்தில் யாரோ 'சுனி' என்று கீறி
ஒரு கூட்டல் குறியும் போட்டிருக்கிறார்கள்.
அதற்கப்புறம் இருந்ததைப் பாசி மறுபடி மூடிவிட்டது.

அழிக்க இரண்டு க்ளிக் போதும். அழிக்கவில்லை.

நேற்று கரண்ட் போவதற்குச் சற்று முன்
எட்டு பத்து வண்டி பிசகாமல் வந்து நின்றது.
டெரிக்கிடமிருந்து ஒரே வரி:
'அந்த வருஷத்து ஊழியர் பட்டியலில்
சுனி என்று யாரும் இல்லையே?'

சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன்.
டிக்கெட் ஜன்னலில்
இன்னும் ஆள் வைக்கவில்லை.