அரை விரற்கடை

சேர்ந்தபோது எனக்கு ஒரே படம்தான் வரையத் தெரியும்:
இரண்டு மலை, இடையில் சூரியன்,
அடியில் ஆறு, ஆற்றில் படகு.
வாணியம்பாடியில் எங்கள் பள்ளி பாலாற்றங்கரையில்தான்.
பன்னிரண்டு வருஷமும் மணலைப் பார்த்தேன்.
ஒருமுறை வெள்ளம் வந்தது; அதிலும் படகு வரவில்லை.
ஆனாலும் படகு இல்லாமல் ஓர் ஆறு நான் வரைந்ததில்லை.

குப்பத்தில் முதல் வாரம் ஒரு நாற்காலி.
நாற்காலியை விடு என்றார் பிரமீளா மேடம்,
கால்களுக்கு நடுவே இருக்கிற காற்றை வரை.
கோணல்மாணலாக நான்கு துண்டுக் காற்று.
தாளை எட்ட வைத்துப் பார்த்தால்
யாராவது வந்து உட்காரலாம் போல ஒரு நாற்காலி.

பிறகு செங்கல். அலுமினியக் குண்டான்.
பிறகு ஒரே கத்திரிக்காய், பதினோரு நாள்.
அது சுருங்கச் சுருங்க எங்களுக்குக் கோடு கூடியது.
வண்ண வாரம் வந்ததும்
எல்லார் பெட்டியிலிருந்தும் கறுப்பு வில்லையைப் பிடுங்கிக்கொண்டார்.
நீலத்தில் காவி குழைத்து, தண்ணீர் விட்டு, துடைத்து, மறுபடி குழைத்து
கத்திரிக்காயின் அடிவயிற்று இருட்டைச் செய்தோம்.

"தெரிஞ்சத வரையாதே. தெரியறத வரை."
மேடத்துக்குத் தமிழ் வராது.
இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும்
யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்.

தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கிய வாரம்
மண்டியில் லோடு இல்லாமல் முனெப்பா வந்தார்,
மணிக்கு இருநூறு, உட்கார்ந்திருக்க.
"சும்மா உக்காரவா?"
மூன்று முறை கேட்டார்.

முழங்கை மடங்காமல் கையை நீட்டி
ஒரு கண்ணை மூடிப் பென்சிலால் அளந்தேன்.
தலை ஒன்று. தாடையிலிருந்து மார்புக்கு இன்னொன்று.
காது நான் நினைத்த இடத்தில் இல்லை,
புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே இருந்தது.
இத்தனை நாளும் எல்லாருக்கும் அங்கேதான் இருந்திருக்கிறது.
பென்சிலைப் படுக்கையாகப் பிடித்தேன்.
இடது தோள் வலதைவிட இறக்கம்.
இரண்டு விரற்கடை. திரும்ப அளந்தேன்.
இரண்டு.

இடைவேளையில் டீ கிளாஸோடு
பலகை பலகையாக நடந்து
பதினான்கு முனெப்பாக்களைப் பார்த்தார்.
ஹேமாத்ரி முறுக்கிவிட்டிருந்த மீசைக்குச் சிரித்தார்,
செல்லில் அதைப் பிடித்துத் தரச் சொன்னார்.
என் தாளுக்கு முன்னால் சிரிப்பில்லை.
"இதி நேனா?"
வலது கையால் இடது தோளைத் தடவிக்கொண்டார்,
சட்டையில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல.
டீ ஆறி ஆடை கட்டியது.
எனக்குப் பத்துக்கு எட்டு.

அடுத்த புதன் இஸ்திரி போட்ட சட்டை.
படிய வாரிய தலை.
ரேஷன் கார்டு போட்டோவுக்கு உட்கார்வதுபோல்
இரண்டு தோளையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டு
என் பக்கம் திரும்பாமல்
ஜன்னலுக்கு வெளியே பாறையைப் பார்த்தார்.
கழுத்தில் ஒரு நரம்பு. போன வாரம் அது இல்லை.

அளந்தேன். அரை விரற்கடை.
இதுவும் தெரிவதுதானே.
அந்த இரண்டு, நான் தெரிந்துவைத்திருப்பது.

முகத்தை முடித்தேன். காதை அதன் இடத்தில் வைத்தேன்.
பதினேழாவது நிமிஷம்
இஸ்திரிக்குள் ஏதோ இளகியது.
தோள் தானாக, அவரிடம் சொல்லாமல்,
இறங்க ஆரம்பித்தது.
முக்கால்.
ஒன்று.
மூடிய கண்ணை மூடியபடி, நீட்டிய கையை நீட்டியபடி இருந்தேன்.
பென்சில் தாளுக்குத் திரும்பவில்லை.

மணி அடித்ததும் மேடம் தாளைத் தூக்கிப் பார்த்தார்.
முகம், கழுத்து, அதற்குக் கீழே வெள்ளை.
தெலுங்கில் ஏதோ கேட்டார்.
கை வலிக்கிறது என்றேன்.
வலித்தது.

மறுவாரம் தக்காளி பதினெட்டுக்கு ஏறிவிட்டது.
நாற்காலியில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.