மூன்றரை விரல்

பன்னிரண்டு வருடம் என் செருப்புகள்
இத்தாலியில் பிறந்தன.
ஆபா நகரத்து அரியாரியா சந்தையில்
ஜெனரேட்டர் புகைக்கு நடுவே
நானே பிரசவம் பார்த்து
நானே பொய்ச் சான்றிதழும் கொடுத்தேன்.
உள்ளங்காலில் தங்க முத்திரை.
எழுத்துக்கூட்டிப் படித்தால் ஒரு பிழை இருக்கும்.

"ஆபா என்று அடித்தால் பாதி விலைகூடத் தேறாது, உகோயேசே,"
என்பார் ஒனிச்சா வியாபாரி ஒன்யெக்வெலு.
சரிதான்.
தோல் என்னுடையது, தையல் என்னுடையது,
பேர் வாங்கியது மட்டும்
எங்கோ இருக்கிற எவனோ.

ஒரு மழைநாள் அச்சு உடைந்தது.
விடிந்தால் நாற்பது ஜோடி லாரி ஏற வேண்டும்.
கோபத்தில் இடது கையைச் சிவப்புச் சாயத்தில் முக்கி
அட்டைப்பெட்டிமேல் அறைந்தேன்.
கட்டைவிரலைக் கணக்கில் சேர்க்காவிட்டால்
மூன்று விரல்,
சுத்தியல் தின்றதுபோக மிஞ்சிய அரை விரல்.

அடுத்த மாதம் கலபாரிலிருந்து ஒருத்தி வந்து
"அந்தக் குட்டைவிரல் செருப்பு இருக்கா?" என்றாள்.
பேர் அப்படி வந்ததுதான்.
நான் வைக்கவில்லை.

"பேர் வாங்கியாச்சு, இனி ரசீது வாங்கு,"
என்றார் பாரிஸ்டர் எக்வுதோசி.
"'நல்ல செருப்பு' என்று கேட்டால் தரமாட்டார்கள்,
அது எல்லார் வாயிலும் புழங்குகிற சொல்.
ஆபாவும் ஊருக்கே பொது.
இந்தக் கை உனக்கு மட்டும்தான் இருக்கிறது."
இருபத்தைந்தாம் வகுப்பு: உடை, தொப்பி, காலணி.
அபுஜாவில் இதழில் அச்சிட்டு
யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று
இரண்டு மாதம் காத்திருந்தார்கள்.
எனக்குத்தான் இருந்தது ஆட்சேபம்,
அந்தப் பன்னிரண்டு வருடத்தைப் பற்றி.
இத்தாலியிலிருந்து யாரும் கேட்கவில்லை.

பதிவான மூன்றாம் வருடம்
வார் அறுந்த ஜோடி ஒன்றை
என் மேஜையில் எறிந்தார் ஒருவர்.
"உன் செருப்பு. பத்தே நாள்."
என் தையல் இல்லை அது.
பெட்டியைக் கேட்டு வாங்கித் திருப்பினேன்.
சிவப்புக் கை, வழவழவென்று.
நான்கு விரலும் முழுசு.
அச்சுப்பிழை என்று நினைத்து
திருத்திவிட்டிருக்கிறான், பாவம், திருடன்.

வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்:
"வெறும் கை. யாருக்கு இல்லை கை?"
எக்வுதோசி என்னைப் பார்த்தார்.
நான் எழுந்து
இடது கையைத் தூக்கினேன்.
விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

உடைந்த அந்தத் தங்க அச்சு
இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது.
எறிய மனம் வரவில்லை.
என்றைக்காவது ஒருவன்
நெடுந்தூரம் பயணப்பட்டு வந்து
"என்னுடையது" என்றால்
கையில் கொடுக்க ஏதாவது வேண்டுமே.