மூவாயிரத்துக்கு மேல்

நிப்பிசிங் ஏரி. ஜூன். காதுக்குள் கருஈக்கள்.
புது பிஸ்டன், புது ரிங், கடைந்து பெரிதாக்கிய சிலிண்டர்.
அமுக்கம் இரண்டிலும் நூற்றைம்பது.
பொறி நீலமாய்ப் பாய்கிறது.
பிறகென்ன கேடு இதற்கு?
துறையோரம் கட்டிக் கிடக்கையில் பூனைபோல் உறுமும்.
மூவாயிரத்தைத் தாண்டினால்
தொண்டையில் மீன்முள் சிக்கினாற்போல் விக்கும்.

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
"கார்புரேட்டர்தான், ஒடெட்" என்கிறான் ஃபெர்னான்.
போன வாரமும் அதையே சொன்னான்.
மூன்று தரம் கழற்றிவிட்டேன்.
ஜெட்டின் துளை வழியே
ஊசிமுனை அளவு வானம் தெரிகிறது, சுத்தமாக.

முன் பிளக் காப்பி நிறம்.
பின் பிளக் வெளுத்துக் கிடக்கிறது,
காய்ச்சலில் படுத்தவன் உதடுபோல.
அந்தப் பக்கம் எங்கிருந்தோ காற்றைத் திருடிக் குடிக்கிறது.
இன்னும் ஒரு சுற்று ஓட்டியிருந்தால்
போன ஆகஸ்டைப் போலவே உருகியிருக்கும்,
ஆயிரத்து இருநூறு டாலர்.

எல்லா வாயையும் ரப்பரால் அடைத்து
சைக்கிள் பம்பால் மெல்ல ஊதினோம்.
முள் ஆறுக்கு ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கியது.
பாத்திரச் சோப்பு நீரைத் தூரிகையால் தடவினேன்.
ஹெட்டில் இல்லை. சீலில் இல்லை.
உள்ளிழு குழாயின் அடியில்
ஒரு குமிழ்.
கொழுத்தது, வெடித்தது, மறுபடி கொழுத்தது.

அந்த கேஸ்கெட் பழசு.
நல்லாத்தானே இருக்கு என்று
எட்டு டாலர் மிச்சம் பிடித்து
நான்தான் துடைத்து மாட்டினேன்.

ஃபெர்னானிடம் அதைச் சொல்லவில்லை.
"கார்புரேட்டர் பக்கம்தான்" என்றேன்.
பெருந்தன்மையாகத் தலையாட்டினான்.
பிறகும் கொஞ்ச நேரம்
பம்பை அழுத்திக்கொண்டே இருந்தான்,
குமிழைப் பார்ப்பதற்காக.