எடை இழப்பு

நீடாமங்கலம் தாண்டி, வெண்ணாற்றின் தென்கரையில்,
முன்பு கோழிப்பண்ணையாக இருந்த கொட்டகையில்
வைக்கோலை வேகவைக்கிறோம்.
காரத்தில், மூன்று மணி நேரம்.
மூடி திறந்ததும் எழுகிற வாடை
அடிப்பிடித்த சோற்றின் வாடையில்லை,
அதற்குச் சற்று முந்தியது.

வைக்கோலுக்குள் மணல் இருக்கிறது,
கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி.
மாட்டின் பல் தேய்வது அதனால்.
எங்கள் சல்லடை வாரம் இருமுறை அடைத்துக்கொள்வதும் அதனால்.
கறுப்புச் சாறு வடிந்து மிஞ்சுவதைக்
கழுவி, வெளுத்து, கரைத்து,
மயிர்க்கண் துளையிட்ட தட்டின் வழி
அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால்
இழை.
உலர்த்தி, நெளியவைத்து, கட்டாக்கி,
காகிதம் சுற்றி நறுக்கினால்
சிகரெட்டின் பின்முனை.
உதடு தொடுகிற பக்கம்.

வாங்குகிறவர்கள் கேட்பது இரண்டு:
இழுப்பு பழைய மாதிரியே இருக்க வேண்டும்.
எறிந்தபின் இருக்கக் கூடாது.

முதலாவதற்கு ஓர் இயந்திரம் வந்திருக்கிறது.
நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு நொடியில்
முப்பத்தைந்து மில்லி புகை இழுக்கும்.
இருமாது. தீப்பெட்டி கடன் கேட்காது.
அறுபது பிடித்து முடித்துச் சாயங்காலம்
துடைப்பதற்காகக் காத்து நிற்கும்.
துடைக்கிற துணி மஞ்சளாகிவிடும்.
அந்தத் துணிக்கு
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

இரண்டாவது என் வேலை.
புரட்டாசியில், ரோஸ்லின் அக்காவின் குத்தகை வயலில்
நாற்பது வலைப்பைகள் புதைத்தேன்.
பாதியில் எங்கள் இழை.
பாதியில் கடையில் கிடைக்கிற பஞ்சு.
பஞ்சு என்று பேர்தான்; பிளாஸ்டிக்குக்குப் பங்காளி.
நைலான் கயிறு, தகர எண், ஒரு சாண் ஆழம்.

லோடு இறக்க வந்த பக்கிரிசாமி
டிராக்டரை அணைக்காமலே கேட்டார்:
"இது என்னம்மா நடவு?"
சொன்னேன்.
காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக் காட்டினார்.
"எலை மக்கும். நூலு மக்கும்.
பஞ்சே கெடையாது.
இதுக்குப் போயி ஒரு கம்பெனியா?"
நான் பதிலைத் தேடுவதற்குள்
இருமல் வந்து அவரை வாங்கிக்கொண்டது,
டிராக்டர் சத்தத்துக்கு மேலாக.

முப்பதாம் நாள்: கால்வாசி போயிருந்தது.
அறுபதாம் நாள், முழங்கால் தண்ணீரில்,
பதினேழாம் எண்ணை ஒரு நண்டு
வளைக்குள் இழுத்து வைத்திருந்தது.
கயிற்றின் இரு முனையில்
அதுவும் நானும் சிறிது நேரம்.

அந்த வாரமே ஒரு கடிதம்.
அனுப்பிய மாதிரிகளில், அடைமழையில்,
பெட்டிக்குள்ளேயே பூசணம் பூத்துவிட்டதாம்.
விற்கும்வரை மக்கக் கூடாது,
விற்றபின் தாமதிக்கக் கூடாது.
முதலாளி நெடுஞ்செழியன் இருமுறை வாசித்தார்.
"காசு கைமாறிடுச்சுன்னு
இழைக்கு யாரு போய்ச் சொல்றது?"

மார்கழியில் லோடு கொண்டுவந்தது பக்கிரிசாமியின் மகன்.
அப்பா தஞ்சாவூர் மெடிக்கலில் இருக்கிறார் என்றான்.
பதினோரு கிலோ இறங்கிவிட்டதாம்.
சொல்லிவிட்டு
வைக்கோலை எடைமேடையில் ஏற்றினான்.
ஈரம் பதினான்கு என்று எழுதிக்கொண்டேன்.

தொண்ணூறாம் நாள் மிச்சத்தைத் தோண்டினேன்.
எங்கள் பைகளில் சேறு. ஒரு நத்தை ஓடு.
கடைசிப் பையில், வலைக்கண்ணில் பின்னி,
வெள்ளையாய், மெலிதாய், நீளமாய் ஒன்று.
அலசி, உலர்த்தி, எடைபோட்டேன்.
நான்கு மில்லிகிராம்.
உருப்பெருக்கியில் பார்த்தால்
நெல்வேர்.
உள்ளே எதையோ தேடி வந்து
தின்றுவிட்டுத் தங்கியிருக்கிறது.
நான்கை அடித்துவிட்டுப் பூஜ்யம் எழுதினேன்.
எடை இழப்பு: நூறு சதவீதம்.
கீழே கையெழுத்து, தேதி.

கடைப் பஞ்சு இருபதும்
புதைத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தன.
கழுவி, வெயிலில் காயவைத்து,
டப்பாவில் போட்டு மூடினேன்.
அடுத்த ஆண்டு சோதனைக்கும்
அவையே போதும்.