அம்பு ஸ்டிக்கர்

ஏப்ரல் இருபத்தெட்டு. பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று.
கம்பெனிக்கு லீவு இல்லை.

பதினஞ்சு வேலம்பாளையத்தில்
ஆறு வாசலுக்கு ஒரே குழாய் உள்ள காம்பவுண்டு.
மூன்றாவது வாசல் எங்களது.
தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ்,
பதினோரு மணிக்கே டிக் டிக்கென்று
வெயிலோடு பேச ஆரம்பித்துவிடும்.

அபாகஸ் வகுப்புக்கு நாலாயிரம் கேட்டார்கள்.
கராத்தே இரண்டாயிரம், உடுப்புக்குத் தனி.
நான் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன், முப்பத்தைந்து ரூபாய்க்கு.
"ரெண்டு பக்கம் தமிழு, ஒரு பக்கம் இங்கிலீசு,
பதினாறாம் வாய்ப்பாடு.
போசியில தயிர்சோறு இருக்குது கண்ணு.
ஆரு வந்தாலும் கதவத் தொறக்காத.
எழுதி வெய்யி, வந்து பாக்கறேன்."

வந்து பார்ப்பது ராத்திரி ஒன்பதுக்கு மேல்,
ஒன்றரை ஷிப்டு முடித்த கண்ணால்.

நான் செக்கிங்.
நாளுக்கு எண்ணூறு பனியன் என் மேசையைக் கடக்கும்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
எது கண்ணில் பட்டாலும்
சிவப்பு அம்பு ஒன்றை உரித்து அங்கே ஒட்டுவேன்.
பழகிய கை.
மகள் நோட்டிலும் ஒட்டியது.

'பல்லிக்கூடம்' என்று எழுதியிருந்தாள். ஓர் அம்பு.
'வாளைப்பலம்'. இரண்டு.
முதல் வாரம் ஒன்பது, அடுத்த வாரம் பதினேழு.
மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை
சோற்றைப் பிசைந்துகொண்டே கனிஷ்கா கேட்டாள்:
"ஏம்மா, நானென்ன டேமேஜ் பீசா?"

ரசம் ஊற்றினேன்.
போதும் என்று அவள் கை காட்டிய பிறகும்
ஊற்றிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நோட்டைப் பிரித்தால்
தமிழைக் காணோம். இங்கிலீஷையும்.
எழுத்துகள் ஒவ்வொன்றும் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு
குடத்துக்காகக் காத்திருந்தன,
ஒன்றன்பின் ஒன்றாக, கோட்டைவிட்டு இறங்காமல்.
என் மகளின் கை இவ்வளவு உருண்டு
நான் பார்த்ததே இல்லை.

அம்புத்தாள் கையில் இருந்தது.
எங்கே ஒட்டுவது?

"அஞ்சாவது வாசல் பாப்புன் சொல்லித் தந்தான்மா. ஒடியா.
அவங்க ஊர்ல மூணாவது படிச்சானாமா.
அவனுக்கு நான் அ, ஆ.
ஜன்னல் வழியாத்தான்.
கதவத் தொறக்கவே இல்ல."

"வாய்ப்பாடு?" என்றேன்.
அந்தக் குரல் எங்கள் சூப்பர்வைசருடையது.
நூற்றி அறுபது வரை மூச்சுவிடாமல் சொன்னாள்.
பிறகு, கேட்காமலே,
பத்து வரைக்கும் அவன் பாஷையில்.

விடிகாலை குழாயடியில்
பாப்புனின் அம்மா மமதாவிடம் நோட்டை நீட்டினேன்,
எல்லாம் சரியா என்று.
ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
"நமக்கு எழுத்து தெரியாது அக்கா," என்று சிரித்தாள்,
"ஆனா அழகா இருக்கு."

ஞாயிறு அரைநாள் வேலை.
மத்தியானம் கதவைத் திறந்துவைத்து
நானும் ஒரு பென்சில் எடுத்தேன்.
தேன்மொழி என்று எழுதவேண்டும்.
பாப்புன் உத்தரத்தைப் பார்த்து யோசித்தான்.
அவன் பாஷையில் ழ கிடையாதாம்.
ள போதும் என்றான், பெரிய மனதோடு.
வாழைப்பழத்துக்கு அம்பு ஒட்டியவள்
வாயைத் திறக்காமல் தேன்மொளி ஆனேன்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள் கனிஷ்கா.
அம்புத்தாள் இப்போது அவள் கையில்.
நான்கு ஒட்டினாள், தயவுதாட்சண்யம் இல்லாமல்.
ஐந்தாவதை உரித்தவள்
ஒட்டினாளா என்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணி டீக்கு வரிசையில் நிற்கும்போது
சூப்பர்வைசர் என் துப்பட்டாவைக் காட்டிக் கேட்டான்:
"ஏனக்கா, அம்பு ஒட்டியிருக்குது. அங்க என்ன டேமேஜு?"

"சும்மாடு ஒண்ணு வெக்க மறந்துட்டனுங்க,"
என்றேன்.